ஒரே ஒரு நாளிதழும் 32 பிள்ளைகளும்

"எங்கள் நடுநிலைப் பள்ளிக்குத் தினமும் ஒரு தமிழ் நாளிதழ் வருகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவர் ஐந்து தலைப்புச் செய்திகளை வாசிப்பார். அதோடு பேப்பர் ஆசிரியர் அறைக்குப் போய்விடும். ஏழாம் வகுப்பில் 32 பேர் இருக்கிறார்கள். இந்த ஒரு பேப்பரை வைத்து எல்லாப் பாடத்துக்கும் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள், டீச்சர்.

முடியும். நான் டெல்டாப் பக்கம் கணக்கும் அறிவியலும் எடுத்தவன். பணியில் இருந்த காலம் முழுக்க இதை விட்டுவிட்டுச் செய்து பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் சொதப்பல்தான். சொதப்பாதவற்றைச் சொல்கிறேன், ஒரு பெரிய சொதப்பலையும் சேர்த்து.

முதல் பக்கத்தைத் தள்ளி வையுங்கள். வழிபாட்டுக் கூட்டத்து ஐந்து செய்திகள் இப்போது பல பள்ளிகளில் பேப்பரிலிருந்து வருவதுகூட இல்லை. திருக்குறள், பழமொழி, பொது அறிவு வினாவோடு சேர்ந்து முந்தின இரவே ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாக வந்து விழுகிறது. பிள்ளை அதைப் பார்த்து ஒப்பிக்கிறது. "அமைச்சர் அடிக்கல் நாட்டினார்" என்ற வரியில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? கேட்கலாம், மறக்கலாம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு வேலை இருப்பதெல்லாம் உள்பக்கங்களில், ஓரத்தில், பொடி எழுத்தில்: அணை நிலவரம், மழை அளவு, முட்டை விலை, பெயர் மாற்ற விளம்பரம், கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர் பெயர் போட்டிருக்கும் அந்த ஒற்றை வரி. பாடப்புத்தகத்துக் கணக்கில் விடை அழகாக வரும்படி யாரோ முன்கூட்டியே எண்களைத் தேய்த்து வைத்திருப்பார்கள். பேப்பரில் வரும் எண்களை யாரும் நமக்காகத் தேய்ப்பதில்லை.

எனக்குப் பிடித்ததிலிருந்தே தொடங்குகிறேன். மேட்டூர் அணை.

டெல்டாப் பாசனத்துக்கு அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் எங்கள் பக்கத்துப் பேப்பர்களில் தினமும் நாலு வரி கட்டாயம் இருக்கும். காலை 8 மணி நிலவரப்படி நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. பெரியவர்கள் கண் தானாக அங்கே போய்விடும். பிள்ளைகளிடம் "டிஎம்சி என்றால் என்ன?" என்று கேட்டால், விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் தெரியாது. நூறு கோடி கன அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். விநாடிக்கு 10,000 கன அடி திறக்கிறார்கள் என்றால் 2,83,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியாக நினைத்தால் ஒரு விநாடிக்கு 23 லாரிக்கு மேல். இதைச் சொன்ன அன்று பின்வரிசையில் ஒருவன் "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் 23 லாரியைக் கையால் தள்ளிவிட்டுக் காட்டினான். விகிதமும் அலகு மாற்றமும் அன்றைக்கு நடந்த பாடம்.

அடுத்த நாள் கொஞ்சம் கடினமாக்கலாம். உதாரணத்துக்கு, இருப்பு 60 டிஎம்சி, வரத்து 4,000 கன அடி, வெளியேற்றம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 8,000 கன அடி குறைகிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 69 கோடியே 12 லட்சம் கன அடி, அதாவது கிட்டத்தட்ட 0.69 டிஎம்சி. அப்படியானால் நாளைக்கு இருப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? எழுதி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் பேப்பர் வந்ததும் சரிபாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் இடிக்கும். அந்த இடிப்பில்தான் அருமையான கேள்விகள் பிறக்கும். ஆவியாகிப் போனதா? வரத்து என்று போட்டிருப்பது அந்தக் காலை நேரத்து அளவுதானே, பகலில் அது மாறியிருக்காதா? தசமத்தை எங்கே வெட்டினார்கள்? எனக்குத் தெரிந்தவரை ஏழாம் வகுப்பில் தோராயத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இதே வேகத்தில் போனால் இந்தத் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்று கேட்டேன். வகுத்துப் பார்த்து 87 நாள் என்றார்கள். குறுவை நெல்லுக்கு எத்தனை நாள் தண்ணீர் வேண்டும் என்று நான் கேட்பதற்கு முன்பே ஒரு பெண் எழுந்து, "சார், எங்கப்பா போட்டிருக்கிற நெல்லு 110 நாளு" என்றாள். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது. அணையைக் கடைசிச் சொட்டு வரை திறக்க மாட்டார்கள், அதற்குள் மழை வரும், வரத்து கூடும் என்றெல்லாம் சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் அன்றிலிருந்து அந்த நாலு வரியைத் தினமும் கரும்பலகை ஓரத்தில் எழுதும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்று. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 120 அடிக்கு 93.47 டிஎம்சி. 60 அடி இருந்தால் பாதித் தண்ணீர் இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். சுமார் 25 டிஎம்சிதான் இருக்கும், கால் பங்கை ஒட்டி. ஏன்? பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகலம். ஒரு புனலின் அடியை அடைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதை டம்ளரில் அளந்து காட்டினால் போதும். சமூக அறிவியல் ஆசிரியர் இதே செய்தியை வாங்கி மேட்டூர், முக்கொம்பு, கல்லணை என்று வரைபடத்தில் தண்ணீரின் வழியை வரையலாம். மேட்டூரில் 12ஆம் தேதி திறந்தால் கல்லணையில் ஏன் மூன்று நான்கு நாள் கழித்துத் திறக்கிறார்கள் என்று கேட்கலாம். அட்லஸில் ஆற்றின் மேல் நூலை வைத்து அளந்தால் தண்ணீர் நடந்த வேகம் தெரிந்துவிடும். உங்கள் ஊர் டெல்டா இல்லையென்றால் கவலை வேண்டாம். வைகை, பாபநாசம், பவானிசாகர், அமராவதி என்று எல்லா அணை நிலவரமும் பேப்பரில் வருகிறது. சென்னைப் பதிப்பில் பூண்டி, செம்பரம்பாக்கம் வரும்.

மழைப் பெட்டிச் செய்தியும் இதே போலத்தான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரியை மட்டும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் அப்புறம் ஊர்ப் பெயர்களுக்கு எதிரே இருக்கும் எண்களெல்லாம் பேச ஆரம்பிக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. உங்கள் வகுப்பறை இருபதுக்கு இருபது அடி என்றால் அதன் கூரையில் மட்டும் சுமார் 35,000 லிட்டர், மூன்று டேங்கர் லாரி. கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்பவை நிருபர் விருப்பத்துக்குப் போடும் அடைமொழி என்றே நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வானிலை ஆய்வு மையத்தில் ஒவ்வொன்றுக்கும் அளவு இருக்கிறது: 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. இங்கேதான் பழைய பேப்பர் புதிய பேப்பரைவிட உபயோகம். போன வாரத்து முன்னறிவிப்பை வெட்டி ஒட்டி, பக்கத்தில் அடுத்த நாள் உண்மையில் பெய்த அளவை ஒட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் செய்தால், பத்துக்கு எத்தனை பலித்தது என்று அவர்களே சதவீதம் போடுவார்கள்.

விலைகளை எல்லாரும் சொல்வார்கள். தங்கம் வேண்டாம், அந்த எண் பிள்ளைகளுக்குத் தூரம். முட்டையை எடுங்கள். நாமக்கல் மண்டலக் கொள்முதல் விலை பேப்பரில் வருகிறது, வாரத்தில் ஐந்து நாள் சத்துணவில் முட்டை தட்டில் விழுகிறது, ஊர்க் கடையில் அதன் விலை என்ன என்று பிள்ளைக்கே தெரியும். கொள்முதல் விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் உள்ள பைசா எங்கே போகிறது என்று கேட்டால் லாரி வாடகை, உடைசல், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று பட்டியல் போடுவார்கள். லாப நஷ்டக் கணக்கில் "ஒருவர் ஒரு பொருளை வாங்கி" என்று வரும் அந்த ஒருவருக்கு அன்றைக்கு ஒரு முகம் கிடைக்கும். புரட்டாசியில் விலை ஏன் சரிகிறது, டிசம்பரில் ஏன் ஏறுகிறது என்பதற்குக் காரணம் சொல்ல ஆசிரியரே தேவைப்படாது.

எண்களே இல்லாத ஒரு கணக்கும் உண்டு. 16 பக்கப் பேப்பரைப் பிரித்து ஒரே ஒரு தாளை உருவி எடுங்கள். அதில் நாலு பக்க எண்கள் இருக்கும். வெளித்தாள் என்றால் 1, 2, 15, 16. அடுத்தது 3, 4, 13, 14. ஒரு எண்ணை மட்டும் சொல்லி மற்ற மூன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அருகருகே இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும் என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கத்துவார். 20 பக்கப் பேப்பர் என்றால் எவ்வளவு, பக்க எண்ணிக்கை n என்றால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனால் இயற்கணிதம் தானாக வந்துவிடும்.

சரி, தமிழுக்கு வருவோம். "செய்தியைப் படித்து உன் சொந்த நடையில் எழுது" என்ற பயிற்சியை நான் நம்புவதில்லை. பிள்ளைகள் நாலு வார்த்தையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவர் வேறு மாதிரி செய்தார். பேப்பரில் யார் எதைச் சொன்னாலும் அந்த வாக்கியத்தின் முடிவை மட்டும் வட்டமிடச் சொல்வார். கூறினார், தெரிவித்தார், எச்சரித்தார், சாடினார், ஒப்புக்கொண்டார், மழுப்பினார். பிறகு அந்தச் சொற்களை இடம் மாற்றிப் போடச் சொல்வார். "தண்ணீர் வரவில்லை என்று மக்கள் தெரிவித்தனர்" என்பதை "புகார் கூறினர்" என்று மாற்றினால் என்ன ஆகிறது? "என்று கூறப்படுகிறது" என்று முடித்தால் கூறியவர் எங்கே போனார்? செயப்பாட்டு வினையைப் பிள்ளைகள் இலக்கணமாகப் படிக்கும்போது தூங்கிவிடுவார்கள். "ஏரிக்கரை மரங்கள் வெட்டப்பட்டன" என்ற வரியைக் காட்டி, "வெட்டியவர் யார்?" என்று அவர் கேட்டபோது யாரும் தூங்கவில்லை.

அவருடைய இன்னொரு விளையாட்டு ஒற்று வேட்டை. "நடவடிக்கை எடுக்க கோரி", "ரத்து செய்ய கோரி" என்று தலைப்புகளில் வல்லினம் மிக வேண்டிய இடங்களில் ஒற்று காணாமல் போயிருக்கும். சில சமயம் இடப் பற்றாக்குறை, சில சமயம் அந்தப் பேப்பரின் வழக்கம், சில சமயம் வெறும் கவனக்குறைவு. சிவப்புப் பேனாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பேப்பரைத் திருத்தச் சொன்னால் அவர்களுக்கு வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அச்சில் வந்தாலே சரி என்ற நினைப்பும் அன்றைக்கு உடையும். யார் வீட்டிலாவது பழைய டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்த பேப்பர் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முந்தைய தாள் கிடைத்தால் யோகம்தான். ‘லை’, ‘னை’, ‘றா’ எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும். பாட்டியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லலாம்.

ஆங்கிலத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், அது எனக்குப் பழக்கமில்லாத துறை. முந்தின நாள் நம் மாவட்டத்தில் நடந்து, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சம்பவத்தின் ஆங்கிலச் செய்தியைக் கொடுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் சொற்களை அவர்களே ஊகித்துவிடுவார்கள். டில்லிச் செய்தியைக் கொடுத்தால் விஷயமும் தெரியாது, மொழியும் தெரியாது.

அறிவியலுக்குப் பேப்பரில் அச்சான எதுவுமே தேவையில்லை, தாளே போதும். மேலிருந்து கீழாகக் கிழியுங்கள், அப்புறம் இடமிருந்து வலமாகக் கிழியுங்கள். ஒரு திசையில் கோடு போட்டதுபோல நேராகப் போகும். மறு திசையில் கோணல்மாணலாக எங்கோ போய்விடும். ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே மர நார்கள் அதிகமாகப் படுத்துவிடுகின்றன. எந்தத் திசை நேராகப் போகும் என்று முன்பே பந்தயம் கட்டச் சொல்லுங்கள். பாதித் தாளை அட்டையால் மூடி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். திறந்திருந்த பாதி பழுத்திருக்கும். செய்தித்தாள் காகிதத்தில் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருப்பதால் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது. உங்கள் பாடப்புத்தகத் தாள் அத்தனை சீக்கிரம் மஞ்சளாகாது, அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வண்ணப் படத்தின் மேல் ஒரு கண்ணாடிக் காகிதத்தை வைத்து, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டே லென்ஸ். நடிகர் முகம் காணாமல் போய், புள்ளிகள்தான் தெரியும். வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு, நாலே மை. சில பேப்பர்களில் பக்கத்தின் அடியில் இந்த நாலு நிறமும் தனித்தனிப் பொட்டுகளாகவே இருக்கும். "புத்தகத்தில் முதன்மை நிறம் சிவப்பு, பச்சை, நீலம் என்றுதானே இருக்கிறது?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அது ஒளியைச் சேர்ப்பது, இது மை ஒளியை விழுங்குவது என்று விளக்க அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ராசிபலனையும் விடாதீர்கள். முந்தின நாள் பலன்கள் பன்னிரண்டையும் ராசிப் பெயர் இல்லாமல் வெட்டி, எது தனக்கு நேற்று பலித்தது என்று ஒவ்வொருவரையும் எடுக்கச் சொன்னேன். பிறகு ராசிப் பெயர்களைப் படித்தேன். மேஷம் எடுத்த கன்னி, கும்பம் எடுத்த ரிஷபம் என்று வகுப்பே சிரித்தது. மறுநாள் ஒரு அப்பா வந்து சத்தம் போட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் பொய் என்று சொல்லவில்லை, எண்ணித்தான் காட்டினேன் என்றேன். அவர் போகும்போது என் ராசியைக் கேட்டுவிட்டுப் போனார்.

சமூக அறிவியலில் இரண்டு பேப்பர்களை ஒப்பிடுவதுதான் முக்கிய வேலை. "மாணவர்கள் மறியல்: போக்குவரத்து பாதிப்பு" என்று ஒன்றில் இருக்கும், "குடிநீர் கேட்டு மாணவர்கள் மறியல்" என்று இன்னொன்றில் இருக்கும். இரண்டும் நடந்ததுதான். ஏழாம் வகுப்புக்கு இந்தக் கட்சிப் பேப்பர், அந்தக் கட்சிப் பேப்பர் என்று நாம் முத்திரை குத்தித் தர வேண்டியதில்லை; ஒரே பேப்பரை மட்டும் வகுப்பில் வைத்துக்கொண்டு அரசியல் செய்தி பேசாமல் இருந்தாலே போதும். அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர் உள்ள அந்த ஒற்றை வரியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆரம்பித்த கட்டாயம் அது. 2023இல் புதுச் சட்டம் வந்த பிறகும் தொடர்கிறது. ஒரு செய்தி பொய் என்றால் யாரைக் கேட்பது என்பதற்கு அங்கே பதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியின் அடியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று அவர்களே தேடட்டும்.

இப்போது அந்தச் சொதப்பல். பெயர்கள், முகவரிகள், எண்கள் நிறைந்த விளம்பரப் பக்கம் நல்ல பயிற்சி என்று நினைத்து, படித்துப் பார்க்காமல் ஒருநாள் பிரித்துக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு வங்கியின் நகை ஏல அறிவிப்பு இருந்தது. பட்டியலில் தன் அப்பா பெயரை ஒரு பெண் பார்த்துவிட்டாள். அவளுக்கு முன்னால் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிட்டது. அதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை. அன்றிலிருந்து வெட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படிப்பேன். மழைப் பெட்டியை ஜாக்கிரதையாக வெட்டியிருப்போம். பின்னால் பார்த்தால் தற்கொலைச் செய்தியோ பாலியல் குற்றச் செய்தியோ இருக்கும். மணமக்கள் தேவை விளம்பரத்தைச் சமூகப் பாடத்துக்கு எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சாதிப் பெயர்கள் வரிசையாக இருக்கும் அந்தப் பக்கத்தை மேல்வகுப்பில், வகுப்பை நன்றாகத் தெரிந்த ஆசிரியர் எடுக்கலாம். ஏழாம் வகுப்பில் வேண்டாம்.

ஒரு பேப்பர், 32 பேர் என்பதற்கு வழி டீக்கடையில் இருக்கிறது. அங்கே ஒரே பேப்பரைப் பத்துப் பேர் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 16 பக்கம் என்றால் நாலு தாள், எட்டெட்டுப் பேராக நாலு குழு. பெஞ்சில் விரிக்க இடம் போதாது, தரையில் உட்கார வையுங்கள். எல்லாருக்கும் ஒரே நாள் பேப்பர் வேண்டுமென்றால் ஊர் ஏஜென்டிடம் விற்காமல் தங்கிய பிரதிகளைக் கேளுங்கள். டீக்கடை, முடிதிருத்தும் கடையில் முந்தின நாள் பேப்பரைக் கேளுங்கள். வேறு வேறு பேப்பர் கிடைப்பது இன்னும் நல்லது. கைபேசியில் இ-பேப்பர் காட்டலாமே என்பார்கள். அவசரத்துக்கு ஆகும். ஆனால் நாலு பேர் ஒரு தாளைச் சுற்றிக் குனிந்து ஒருவர் தலை மேல் ஒருவர் எட்டிப் பார்க்கும் காரியம் அதில் நடக்காது.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பெட்டிச் செய்தியைத் தேர்ந்தெடுங்கள், அணையோ மழையோ முட்டையோ. தினமும் ஐந்து நிமிடம், ஒரு எண்ணைக் குறித்து வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஆறு வாரம் ஓடட்டும். வெட்டியதை ஒட்ட மைதாப் பசை போதும். சார்ட்டை மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டாமல் கரும்பலகைக்கு மேலே ஒட்டுங்கள். எங்கள் ஜூலை மாத மேட்டூர் வரைபடத்தை, பசை வாசத்துக்கு வந்த ஆடு ஒன்று 17ஆம் தேதி வரைக்கும் தின்றுவிட்டது.